தீவுக் கதை எதுக்கு?

பள்ளிக்கூட நினைவுகளை எழுது, எழுது என்று நம் வாட்ஸ்அப் குழுவில் ஆறு மாதமாக என்னைப் பிடுங்குகிறீர்கள். மணியடிக்கிற தண்டவாளத் துண்டு, கணக்கு டீச்சரின் குடை, மதியச் சோற்றுக்கு வரும் காக்கா என்று ஆளுக்கொன்று எழுதித் தள்ளிவிட்டீர்கள். நான் எல்லாவற்றுக்கும் ஒரு கும்பிடு பொம்மையைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். இப்போது எழுதுகிறேன். படித்துவிட்டு வரிசையாக அழுகிற முகத்தைப் போடாதீர்கள், எனக்குக் கெட்ட கோபம் வரும்.

இரண்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை என்னை எப்படிக் கூப்பிட்டீர்கள்? மறந்துபோச்சு என்று யாரும் புளுக வேண்டாம். 'தீவு.' ஏட்டி தீவு, இங்கன வா. தீவோட அப்பா பன்னி மேய்க்காராம். தீவோட அப்பா ரெண்டாங்கல்யாணம் கட்டிக்கிட்டு ஓலைக் குடிசையில கெடக்காராம். போன பிறந்தநாளுக்குக்கூட உங்களில் ஒருத்தி 'ஹேப்பி பர்த்டே தீவு' என்று பூவெல்லாம் போட்டு அனுப்பினாள். அன்பில்தான் அனுப்பினாள். நான் செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதேன். அறுபத்து மூன்று வயதில் ஒரு பட்டப்பேருக்கு அழுகிற கிழவி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்தப் பட்டப்பேர் வந்த கதையைத்தான் சொல்லப்போகிறேன். அது பொய் என்று போன மாதம்தான் எனக்கே தெரிந்தது.

என் அப்பா கொத்தனார். சங்கரன்கோவிலில் அவர் கட்டிய வீடுகள் இரண்டு மூன்று இன்னும் நிற்கின்றன. எவை என்று அம்மாவுக்குத் தெரியும், காட்ட மாட்டாள். கரிசல் பக்கம் தொடர்ந்து மழை பொய்த்த சமயம் அது. விளைச்சல் இல்லாத ஊரில் யார் வீடு கட்டுவார்கள்? கான்ட்ராக்டர் ஒருவர் நிக்கோபார் பக்கம் ஒரு தீவில் கப்பல் அணையும் மேடை கட்ட ஆள் எடுத்தார். அப்பா கரண்டியையும் தூக்குக்குண்டையும் சாக்கில் சுற்றிக்கொண்டு போனார். எனக்கு அப்போது ஐந்து வயது. சிமென்ட் தின்று வெடித்த விரல்களால் என் கன்னத்தைத் தடவினால் சுரசுரவென்று இருக்கும். விரல் ஞாபகம் இருக்கிறது. முகம் இல்லை. அதற்கு நானே காரணம், சொல்கிறேன்.

கடிதம் கப்பல் வருகிற கணக்கில் வரும். இரண்டு மாதத்துக்கு ஒன்று வந்தால் பெரிய காரியம். அந்தக் காலத்தில் பெண்டாட்டிக்கு நேரே யார் எழுதினார்கள்? எங்கள் பெரியப்பா பேருக்குத்தான் கவர் வரும். அப்பாவின் அண்ணன். ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதிரே பந்தல் போட்டுப் பத்திரம் எழுதுகிறவர். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. சாயங்காலம் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போவாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்காருவார். அம்மா கதவுக்குப் பின்னால் நிற்பாள். நான் நடுவில் நிற்பேன்.

கவர் தடியாக இருக்கும். ஐந்தாறு தாள் இருக்கும். பெரியப்பா முதல் தாளை மட்டும் கணீரென்று வாசிப்பார். இவ்விடம் நான் சுகம். அவ்விடம் சுகத்துக்குக் கடிதம் எழுதவும். மேடை வேலை பாதி முடிந்தது. தீபாவளிக்குத் துணி எடுக்கவும். வாசித்துவிட்டுத் தாள்களை மடித்துவிடுவார்.

"அத்தான், இன்னும் தாளு இருக்கே?" என்று கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா கேட்பாள்.

"அது தீவுக் கதை. பன்னி, பழம், கிழவன், பூமி ஆடுதுன்னு என்னத்தையாவது எழுதுதான். ஒனக்கு எதுக்கும்மா அது? சங்கதி இவ்வளவுதான்."

பத்திரம் எழுதுகிறவருக்கு எதையும் சங்கதி, சங்கதி இல்லாதது என்று பிரித்துத்தான் பழக்கம். கிழக்கே யார் நிலம், மேற்கே யார் நிலம், அது போதும். நிலத்தில் என்ன பூ பூத்தது என்று யாரும் பத்திரத்தில் எழுதுவதில்லை. கடிதத்தைப் பழைய பத்திர நகல்களோடு சேர்த்து, சுவரில் தொங்கும் வளைந்த கம்பியில் குத்திவிடுவார். கம்பி தாளுக்குள் இறங்குகிற 'பொத்' என்ற சத்தம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அப்பா வந்து போகிற சத்தம் என்று அதற்கு நான் பேர் வைத்திருந்தேன்.

அவரைத் திட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். நான் பத்தாம் வகுப்புவரை படித்ததும், டைப்ரைட்டிங் பழகியதும், தாலுகா ஆபீசில் உட்கார்ந்து பென்ஷன் வாங்குவதும் அவர் புண்ணியம். பூமி ஆடுகிறது என்று வாசித்தால் இந்தப் பெண் எப்படித் தூங்குவாள் என்றும் நினைத்திருப்பார். நல்ல மனுஷன்தான். அந்த நல்ல மனுஷன் எங்கள் வாழ்க்கையை எப்படித் தொலைத்தார் என்று போன மாதத்திலிருந்து நான் கிடந்து தவிக்கிறேன்.

நான் இரண்டாம் வகுப்புக்குப் போன அந்த வருசம், தை மாதத்தில் ஒரு தடிக் கவர் வந்தது. ஆடித்தவசுக்கு வந்துவிடுவேன் என்று முதல் தாளில் இருந்தது. அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. மாசி போயிற்று. பங்குனி போயிற்று. கான்ட்ராக்டருக்குப் பெரியப்பா எழுதிய கடிதம் 'விலாசதாரர் இல்லை' என்று திரும்பி வந்தது. நிக்கோபார்ப் பக்கம் பூமி அதிர்ந்ததாக டீக்கடை ரேடியோவில் சொன்னார்கள் என்று யாரோ சொன்னார்கள். அம்மா சோறு வடிக்கிற பானையைக் கையில் பிடித்தபடி அப்படியே நிற்பாள். கஞ்சி அடுப்பில் ஊற்றி அணைந்துபோகும். நான்தான் போய் உலுக்குவேன்.

கடையநல்லூர்க்காரர் ஒருவர் அந்தத் தீவுகளில் கொப்பரை வாங்கி விற்கிற கடையில் இருந்தார். ஊருக்கு வந்திருந்தார். பெரியப்பா அவரைத் தேடிப்போய் அப்பாவின் பேர், தகப்பன் பேர், ஊர் எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அம்மாவும் நானும் கூடப் போயிருந்தோம். பாய் வீட்டில் எங்களுக்கு ரஸ்க்கும் டீயும் கொடுத்தார்கள். "கவலப்படாத தங்கச்சி. அடுத்த கப்பல்ல போறேன். இன்ஷா அல்லாஹ், ஆளப் பாத்துட்டே வாரேன்" என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள்.

ஆடி வந்தது. தவசுக்குக் கொடி ஏறிவிட்டது. அம்மா கோயிலில் ஐந்நூற்றொரு சுற்று நேர்ந்திருந்தாள். ஆடிச்சுற்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை; ஒற்றைக்காலில் தவம் நிற்கிற அம்மன் தாய்க்குக் கால் வலிக்குமே என்று நாம் சுற்றி அந்த வலியை வாங்கிக்கொள்வது. அம்மா காலையில் ஆரம்பித்தால் வெயில் ஏறுகிறவரை நிற்காமல் சுற்றுவாள். நான் ஒரு தூணடியில் உட்கார்ந்து, அவள் என்னைக் கடக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு புளியங்கொட்டையை இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்கு மாற்ற வேண்டும். நான் நல்லாத்தான் எண்ணினேன். ஆடிக்காற்றில் மண் பறந்து கண்ணெல்லாம் கரித்தது. அம்மாவின் பாதம் வெடித்து, கல்லில் ஈரமாக அடையாளம் விழுந்தது. வாய் மட்டும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. "வரட்டும், வரட்டும், வரட்டும்."

மூன்றாம் நாள் சுற்றிக்கொண்டிருக்கும்போது பெரியம்மா வந்து கூப்பிட்டாள். கடையநல்லூர் பாய் வந்திருக்கிறாராம். அம்மா ஓடினாள். நான் எழுந்த வேகத்தில் இரண்டு பையும் கவிழ்ந்து கொட்டைகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. அழுதுகொண்டே பின்னால் ஓடினேன்.

பாய் பந்தலில் பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் பெரியப்பா எழுந்து நின்றுவிட்டார்.

"அண்ணாச்சி, நான் ஆளப் பாக்கல. கேட்டதத்தான் சொல்லுதேன்" என்று ஆரம்பித்தார் பாய். "அங்கன பூமி குலுங்கினது நெசந்தான். கல்லு ஒடைக்கிற எடம் சரிஞ்சு கெடக்கு. கான்ட்ராக்டர் ஆளுக ஒருத்தரும் இல்ல, எல்லாரும் வேற தீவுக்குப் போயிட்டாகளாம்."

"தம்பி?"

"தீவுக்காரங்ககிட்டதான் கேட்டேன். பேரச் சொன்ன ஒடனே ஒரு பெரியவரு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. ஒரு பொம்பள எந்திரிச்சே போயிட்டா. எனக்கு ஒண்ணும் வெளங்கல. செத்துட்டாரான்னு கேட்டேன், அதுக்கும் வாயத் தொறக்கல. கப்பலடியில சுமை தூக்குத ஒருத்தன் தனியா வந்து சொன்னான். அந்தப் பேருக்காரரு இப்ப அந்தப் பேருல இல்ல, பேர மாத்திக்கிட்டாரு. வடக்க ஒரு ஊருல பொண்டாட்டி, ரெண்டு பிள்ளையோட இருக்காரு. அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டுட்டுப் போயிராதீய, வருத்தப்படுவாருன்னான்."

எதிரே ரிஜிஸ்தர் ஆபீசில் யாருக்கோ பேர் கூப்பிட்டார்கள்.

"நீங்க அந்த ஊருக்குப் போகலியா பாய்?" என்று பெரியம்மா கேட்டாள்.

"படகுல ஒரு பகல் போகணும்மா. பாஸ் வேணும். கப்பல் அன்னைக்கே பொறப்படுது. என்னைய மன்னிச்சிருங்க" என்றார் பாய். அவர் கண் கலங்கியிருந்தது. அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. காதில் விழுந்ததை ஒரு எழுத்துப் பிசகாமல் கொண்டுவந்து கொடுத்தார்.

பெரியப்பா உட்கார்ந்தார். ரொம்ப நேரம் எதிரில் இருந்த மைக்கூட்டை நகர்த்தி நகர்த்தி வைத்தார். அப்புறம், "பேர மாத்திட்டானாம்லா! எங்க அய்யா வச்ச பேரு வேண்டாம்னு போச்சு அவனுக்கு" என்றார். அம்மாவைப் பார்க்காமலே சொன்னார்: "செத்துட்டாம்னு நெனச்சுக்கோம்மா."

அதுவரை பெரியப்பா முன்னால் நேரே நின்று பேசாத அம்மா பந்தல்காலைவிட்டு முன்னால் வந்தாள். "நான் ஏன் நெனைக்கணும்? அவன் இருக்கான். நல்லா இருக்கட்டும். அவன் இருக்கான்னு ஊரு பாக்கட்டும், எங் கழுத்துல இது கெடக்கத்தான் செய்யும்."

அவன். அதுவரை அம்மா வாயில் 'அவுக' என்று மட்டுமே கேட்டிருந்தேன். பேரைச் சொல்லும் வழக்கம் இல்லை, உங்கள் அம்மாக்களுக்கும் இல்லை. ரேஷன் கார்டுக்கு ஆள் வந்து கேட்டபோதுகூட என்னைத்தான் சொல்லச் சொன்னாள். அன்றைக்கு அந்த 'அவுக' போய் 'அவன்' வந்தது. ஐம்பத்தாறு வருசம் அப்படியே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள். சமைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். "ஏட்டி, அந்த போட்டோவ எடு" என்றாள். சுவரில் ஒரே ஒரு போட்டோ. அப்பா ஸ்டுடியோவில் கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் அம்மா நிற்பாள், அப்பா மடியில் நான். நான் அரிசி டின்மேல் ஏறி, ஆணியிலிருந்து கழற்றிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. அம்மா கண்ணாடியைப் பெயர்த்துவிட்டு அப்படியே அடுப்பில் வைத்தாள். ஓரம் சுருண்டு நடுவுக்கு வந்தது. நான் என் உருவம் எரிவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்கத் தோன்றவில்லை. ஏழு வயசுப் பிள்ளைக்குத் தோன்றாது என்று நீங்கள் ஆறுதல் சொல்லலாம். எனக்கு ஆறுதல் ஆகவில்லை.

சுற்று பாதியில் நின்றது நின்றதுதான். அந்த வருசம் தவசுக் காட்சிக்கு எல்லாரும் சப்பரத்தின் மேல் பருத்தியும் வத்தலும் வீசிச் சூறை விடுகிறபோது நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம். கூட்டம் குலவை போடுகிற சத்தம் கேட்டது. அம்மா சுவரைப் பார்த்துப் படுத்து, "நாசமாப் போவான், மண்ணோட மண்ணாப் போவான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கான்ட்ராக்ட் வேலையில் கல் சரிந்து அவர் மண்ணுக்குள் போய் ஆறேழு மாதம் ஆகியிருக்கிறது அப்போது. எனக்கு இப்போது தெரிகிறது. அன்றைக்கு நானும் கூடச் சேர்ந்து சொன்னேன். அம்மா சொல்கிறாளே என்று சொன்னேன்.

தவசு லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது. உங்களுக்கு நான் தீவு ஆனேன்.

அம்மா தீப்பெட்டி ஒட்டினாள், பூ கட்டினாள், வத்தல் கிள்ளினாள். தாலியும் பொட்டுமாகத் தனியே இருக்கிற பெண்ணை ஊர் என்னவெல்லாம் கேட்கும் என்று உங்களுக்குத் தெரியும். கல்யாண வீட்டில் பொட்டுத்தட்டை நீட்டலாமா வேண்டாமா என்று முழிப்பார்கள். அம்மா தானே எடுத்து வைத்துக்கொள்வாள். சுனாமி வந்தபோது டிவியில் அந்தத் தீவுகளைக் காட்டினார்கள். கூடாரங்களில் ஜனம் வரிசையாக உட்கார்ந்திருந்தது. அம்மா டிவிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து கிழவர்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "என்னம்மா தேடுத?" என்றேன். "செத்தானா இருக்கானான்னு பாக்கேன்" என்றாள். மூன்று நாள் சாப்பிடவில்லை. நாலாம் நாள் டிவியை அணைத்துவிட்டு, "ஆடு மாதிரி எங்கயாச்சும் மேட்டுல ஏறியிருப்பான்" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் அன்றைக்குச் சாப்பிட்டாள்.

போன மாதம் பெரியப்பா வீட்டை இடித்தார்கள். அவர் காலமாகி ரொம்ப நாளாயிற்று. மகன், எனக்கு அண்ணன் முறை, காம்ப்ளெக்ஸ் கட்டப்போகிறான். "ஒங்க அப்பா கடுதாசி எல்லாம் பரண்ல கெடந்துச்சு, வச்சுக்கோ" என்று துருப்பிடித்த கம்பியோடு ஒரு கத்தையைக் கொண்டுவந்து கொடுத்தான். ஒவ்வொரு கடிதத்துக்கும் நடுவில் ஒரு ஓட்டை. பெரியப்பா விட்டுவிட்ட ஒவ்வொரு இரண்டாம் தாளின் தலையிலும் ஒரே வரி: 'இது பாப்பாவுக்கு. அண்ணன் வாசிச்சுக் காட்டவும்.'

எனக்கு எழுதியிருக்கிறார், மக்கா. தீவுக் கதை முழுக்க எனக்கு எழுதியிருக்கிறார்.

'பாப்பா, இங்கன வீடெல்லாம் கால் முளைச்சு நிக்குது. உருண்டை வீடு, தேன்கூடு கணக்கா. ஏணி போட்டு அடிவழியா ஏறணும். அடியில பன்னி தூங்கும். பூமி ஆடுனா அந்த வீடும் சேந்து ஆடிட்டு நின்னுரும். நான் கட்டுன சுவருதான் வெடிக்குது. அதைப் பாத்து இவங்க சிரிக்காங்க. நமக்கு வெக்கமா இருக்கு.' இன்னொன்றில்: 'நம்ம ஊர்ல தாழம்பூவைத் தலையில வைக்கோம். இங்கன தாழம்பழத்தை அவிச்சு மாவாக்கித் திங்காங்க. நல்லா இருக்கு, ஒனக்குக் கொண்டாந்தா கெட்டுப்போவும்.' இன்னொன்றில் ஒரு கிழவர் வருகிறார். யுத்த சமயத்தில் ஜப்பான்காரன் அந்தத் தீவில் இருந்தபோது பட்ட அடியின் தழும்பை அவர் காட்டுகிறார். அதற்கும் முன்னால் எந்தெந்தத் தேசத்துக் கப்பலோ வந்து கொப்பரை ஏற்றிப் போயிருக்கிறது. வந்த கப்பல்காரன் பேரைப் பிடித்திருந்தால் தனக்கு வைத்துக்கொள்வார்களாம். கிழவருக்கு ஒரு வெள்ளைக்கார மாலுமி பேர். பூமி ஆடுவதற்குக் கொஞ்சம் முன்னால் பன்னிகள் கத்துவதை அப்பா எழுத்தாலேயே கத்திக் காட்டியிருந்தார். அறுபத்து மூன்று வயதில் நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

தை மாதக் கவர் கடைசி. அதில் பின்னிரண்டு தாளும் கடல் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. யாரும் பிரித்ததே இல்லை. பிளேடு வைத்துப் பொறுமையாகப் பிரித்தேன்.

'பாப்பா, அப்பாவுக்குக் காய்ச்சல் வந்துச்சு. பயப்படாத, சரியாயிட்டு. வடக்கூர்க் கூட்டாளி ஒருத்தரு படகுல தூக்கிட்டுப் போயி அவரு வீட்டுல போட்டுப் பாத்தாரு. பொஞ்சாதி, ரெண்டு பிள்ளைக. நல்ல ஜனம். எனக்குச் சொகமானதும் என் பேரை அவரு வச்சுக்கிட்டாரு. இப்ப தீவுல என் பேருக்கு ரெண்டு பேரு. என்னையக் கூப்பிட்டா அவரு திரும்புதாரு, ஒரே சிரிப்பு. இங்கன இன்னொரு வழக்கமும் உண்டு. செத்தவங்க பேரை ஒருத்தரும் வாயால சொல்ல மாட்டாங்க. அதே பேரு உள்ளவங்க ஒடனே வேற பேரு மாத்திக்கிடுவாங்க. நான் செத்தா நீ வேற பேரு தேடணும்டேன்னு கூட்டாளிகிட்டச் சொன்னேன். அவரு சிரிக்கல. என் வாயைப் பொத்திட்டாரு. ஒங்க அம்மாவும் என் பேரைச் சொல்ல மாட்டா, அவளும் தீவுக்காரிதான்னு அவகிட்டச் சொல்லு. ஆடிக்கு வாரேன்.'

திரும்பத் திரும்ப வாசித்தேன். பேரை மாற்றிக்கொண்டவர் அந்தக் கூட்டாளி. வடக்கே பெண்டாட்டி பிள்ளையோடு இருந்தவர் அவர். பாய் எந்தப் பேரைக் கேட்டாரோ அந்தப் பேரில் உயிரோடு இருந்த ஒரே ஆளைத்தான் அந்தச் சுமைதூக்கி சொல்லியிருக்கிறான். பேரைக் கேட்டு முகத்தைத் திருப்பியவர்கள் எதையும் ஒளிக்கவில்லை, செத்தவர் பேர் என்றுதான் திருப்பினார்கள். அந்தத் தாளைப் பெரியப்பா ஒரே ஒரு தடவை பிரித்து வாசித்திருந்தால் போதும். என்னால் அவரைத் திட்டவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. சமையலறைக்குள் போய்ச் சுவரில் தலையை முட்டிக்கொண்டேன். நிஜமாகவே முட்டிக்கொண்டேன், வீக்கம் இன்னும் இருக்கிறது.

அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று எட்டு நாள் கிடந்து அல்லாடினேன். எண்பத்து மூன்று வயது. கோபத்தைப் பிடித்துக்கொண்டே இவ்வளவு காலம் நின்றவள். அதை உருவினால் விழுந்துவிடுவாளோ என்று பயம். மறைத்து வைக்கவும் மனசு இல்லை. ஒரு தடவை ஒருத்தர் அவளுக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்தது போதும் என்று தோன்றியது.

ஒரு முற்பகலில் அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். காது மந்தம். ஜன்னலைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து உரக்க வாசித்தேன். முதலில், "அவன் கதைய எதுக்கு வாசிக்க? நிறுத்து" என்றாள். நான் நிறுத்தவில்லை. பன்னி கத்துகிற இடத்தில் கீரை உருவுகிற கை நின்றது. கடைசித் தாளில் நானே நிறுத்திவிட்டேன்.

"வாசி" என்றாள்.

முடித்தேன். அம்மா கீரைக் காம்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு விளங்க ஒரு சாயங்காலம் ஆயிற்று. அவளுக்கு ஒரு நிமிசம்கூட ஆகவில்லை.

"பேர மாத்திக்கிட்டாருன்னுதான அந்த பாய் வந்து சொன்னாரு?"

"ஆமாம்மா."

"அது அந்தக் கூட்டாளி."

"ஆமாம்மா."

"அப்ப அவுக இல்ல."

அவுக என்றாள். நான் தலையாட்டினேன்.

"இருக்காவன்னு நெனச்சுல்லா ஏசினேன், ஏட்டி. இருந்தாத் தாங்குவாவன்னு ஏசினேன்." குரல் உடையவில்லை. யாரிடமோ வழக்குப் பேசுவது மாதிரி சொன்னாள். "எங்கனயோ ஒரு தீவுல, நம்ம பாஷை தெரியாத மனுசன் அவுகளுக்காகத் துக்கம் பிடிச்சிருக்காரு. தன் பேரையே விட்டுருக்காரு. நான் பொட்டு வச்சுக்கிட்டு ஊரெல்லாம் அலைஞ்சேன்."

சுவரைப் பிடித்து எழுந்தாள். கீரை மடியிலிருந்து கொட்டியது. "தண்ணி எடுத்து வையி. தல முழுகணும்."

"வெந்நி போடுதேன்மா. சளி பிடிச்சிரும்."

"சாவு கேட்டா ஒடனே முழுகணும். பச்சத்தண்ணி போதும்."

குளியலறையில் பிளாஸ்டிக் முக்காலியில் உட்காரவைத்து, சேலையோடு தலையில் ஊற்றினேன். முதல் செம்பு, இரண்டாம் செம்பு, மூன்றாம் செம்புவரை சும்மா இருந்தாள். நாலாவதில் உடம்பு குலுங்க ஆரம்பித்தது. வாயைத் திறந்து, ஏழு வயதில் நான் கேட்டிருக்க வேண்டிய அந்த ஒப்பாரியை அப்போது எடுத்தாள். பக்கத்து வீட்டுப் பெண் கதவைத் தட்டினாள். நான் திறக்கவில்லை. செம்பும் கையுமாக என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"ஏட்டி, நீ ஏன் காஞ்சு நிக்க? நீயும் முழுகு. செத்தது ஒனக்கு அப்பால்லா?"